வேலைக்குப் போய்க்கொண்டே படித்த எம்பிஏ

"ஓ, ஆன்லைன்ல படிச்சதா?" என்று கேட்கும்போதே சிலருக்குக் குரல் ஒரு படி இறங்கிவிடும். வேலையை விடாமல் இரண்டு வருடம் எம்பிஏ படித்து முடித்தவள் நான். அந்தக் குரல் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

வகுப்பில் உட்காராமல் பட்டம் வாங்குவது நேற்று வந்த வழக்கம் இல்லை. எங்கே படித்திருந்தாலும் தேர்வு எழுதலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீஸ் வணிகப் பள்ளி 2016ல் ஆன்லைன் எம்பிஏவைத் தொடங்கியது. 2019ல், வளாகத்தில் நடந்துகொண்டிருந்த எம்பிஏவை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடங்கு இருப்புக் கணக்கில். ஒருநாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்ற பாடம். கடனுக்கு விற்றாலும் விற்ற அன்றே லாபம் கணக்கில் ஏறிவிடும். பணம் வர மூன்று மாதம் ஆகலாம். அதுவரை சம்பளம் எங்கிருந்து கொடுப்பது? மறுநாள் காலை கிடங்குக்குள் போனால், மூலையில் லேபிள் தெரியாத அளவு தூசி படிந்து கிடந்த பெட்டிகள் முதல்முறையாகக் கண்ணை உறுத்தின. அத்தனையும் முடங்கிய பணம். எந்தச் சரக்கு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அந்த வாரமே எக்செலில் பட்டியல் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். இதையே இருபத்திரண்டு வயதில் படித்திருந்தால் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பேன்.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் சேர்ந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு உயர்கல்வி அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா போன்ற வணிகப் பள்ளிகளுக்கான தரச்சான்று இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், நேரலை வகுப்பு உண்டா, எழுதி அனுப்புவதை யார் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். வெறும் வீடியோவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் படிப்புக்குப் பணம் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நேரம்தான் பெரிய பாடு. எனக்கு வாரம் பதினைந்து மணி நேரம் போனது. அதில் பாதி என் கணவர் தன் ஓய்வை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. அதனால், பணம் கட்டும் முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஏதாவது ஒரு கணக்கியல் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தக் கிழமை கை நழுவுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கிழமையை விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள்.