கட்டக்கோரைக் கஞ்சி அல்சைமருக்கு மருந்தல்ல

"மண்டபம் கடல்ல கிடைக்கிற கட்டக்கோரையைக் காய்ச்சிக் குடிச்சா அல்சைமர் குணமாகும், சீன அரசே ஒப்புக்கிடுச்சு" என்று மேலே ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். கட்டக்கோரை என்பது ஒரு பழுப்புக் கடற்பாசி. அண்ணன் சொன்னதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் வில்லங்கம்.

2019 நவம்பரில் சீனா அனுமதித்தது ஜிவி-971 என்ற காப்ஸ்யூலை. பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கி, சுத்திகரித்து, நாளைக்கு 900 மில்லிகிராம் என்று அளந்து கொடுத்த மருந்து அது. குடல் நுண்ணுயிரிகளைச் சீராக்கி மூளை அழற்சியைக் குறைக்கும் என்பது அதை உருவாக்கியவர்களின் வாதம். கிடைத்ததும் நிபந்தனையோடு கூடிய அனுமதிதான். 818 பேரிடம் 36 வாரம் நடந்த சோதனையில், இதை எடுத்தவர்களின் நினைவாற்றல், சிந்தனைத் திறன் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரிந்தது உண்மை. ஆனால் கடைசி வாரங்களில் வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்கள் சட்டென்று சரிந்ததால் வந்த வித்தியாசமோ என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். பல நாடுகளில் தொடங்கிய அடுத்த சோதனை 2022இல் பாதியிலேயே நின்றுபோனது. குணமாக்கும் மருந்து எங்கேயும் இன்னும் வரவில்லை.

கட்டக்கோரையில் அயோடின் உண்டு, ஆர்சனிக் என்ற நஞ்சும் சேரும். இதே இனத்து ஹிஜிகி பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் எச்சரித்திருக்கிறது. நம்ம ஊரில் பாசி எடுக்கிற அக்காமார் அதைக் காயவைத்து வியாபாரிக்குப் போடுகிறார்களே தவிர, உலையில் போடுவதில்லை. (பாம்பன் பக்கம் மிதவையில் வளர்ப்பது வேறு, சிவப்புப் பாசி.)

அப்பாவின் டோனெபெசில் (அல்சைமருக்கு டாக்டர் தருவது) மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: வேண்டாம்மா. அவருக்குத் தைராய்டு கோளாறும் இருந்தால், இதில் அயோடின் இருப்பதால் கிட்டவே கொண்டுபோகாதே.