மாநிலம் நினைத்தால் கூட்டாட்சிச் சட்டம் செல்லாதா? பரவும் செய்தி தவறானது

அமெரிக்க அரசியலமைப்பின் 10ஆவது திருத்தத்தின்படி, எந்த மாநிலமும் தனக்கு ஒவ்வாத கூட்டாட்சிச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் ரத்து செய்யலாம் என்றொரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது உண்மையல்ல.

1791இல் ஏற்கப்பட்ட அத்திருத்தம், கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாதவையும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாதவையுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று மட்டுமே கூறுகிறது. அரசியலமைப்புக்கு இணங்க இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், அதனோடு முரண்படும் மாநிலச் சட்டத்தைவிட மேலானது என்பதை 6ஆவது பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் தீர்ப்பு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஆர்கன்சா மாநில ஆட்சியாளர்கள் வாதிட்டபோது, 1958இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்தது. ஒரு சட்டம் வரம்பு மீறியது என்று கருதும் மாநிலம் வழக்குத் தொடுக்கலாம். தானே தீர்ப்பு எழுத முடியாது.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தைச் செயல்படுத்தும்படி மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த இயலாது என்று அதே நீதிமன்றம் 1997இல் கூறியது. ஆனால், ஒத்துழைக்க மறுப்பது வேறு, சட்டத்தையே ரத்து செய்வது வேறு. மருத்துவத்துக்காகக் கஞ்சாவைக் கலிஃபோர்னியா அனுமதித்திருந்தும் கூட்டாட்சித் தடை அங்கும் செல்லும் என 2005இல் தீர்ப்பானது.

அரசியலமைப்பின் முழு வாசகமும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளது. இச்செய்தி உங்களுக்கு வந்தால், அருள்கூர்ந்து மேலும் பகிராதீர்கள்.