பாதி பெயிண்ட் அடிச்ச வண்டி

(போடிநாயக்கனூர். டிங்கரிங் பட்டறை, காலை பத்து மணி. சரவணன் தன் சிவப்பு ஃபோர் பை ஃபோரை, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைக் கொண்டுவந்து, வலது பக்கம் சுவரோடு சுவராக, ஒரு பூனைகூட நுழைய முடியாதபடி நிறுத்துகிறார். டிரைவர் கதவைத் திறக்க இடமில்லை. கியர் ராடைத் தாண்டி, ஒரு காலை டேஷ்போர்டில் வைத்து, இடது கதவு வழியாக இறங்குகிறார். பெயிண்டர் முத்தையா டீ கிளாஸோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.)

முத்தையா: என்ன தம்பி, டிரைவர் கதவு ரிப்பேரா?

சரவணன்: இல்லண்ணே. அப்பப்ப இப்படிக் காலை நீட்டி மடக்குனா மூட்டுக்கு நல்லதாம்.

முத்தையா: சரிதான். என்ன வேலை?

சரவணன்: முன் பம்பர், பின் பம்பர், டயருக்கு மேல வளைஞ்சு நிக்கிற வீல் ஆர்ச், கதவுக்குக் கீழ ஓடுற இந்தப் பட்டை, எல்லாத்தையும் பாடி கலருக்கு மாத்தணும். செக்கச் செவேல்னு.

முத்தையா: ஏன்?

சரவணன்: கறுப்பா இருக்கேண்ணே.

முத்தையா: கம்பெனியிலேயே கறுப்பாத்தானப்பா குடுக்கான்? காட்டு வண்டின்னா அப்படித்தான் வரும்.

சரவணன்: அதை என் மாமனார்கிட்ட சொல்லுங்க. வண்டி எடுத்த அன்னிக்கே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாப்ள, பணம் பத்தலைன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இப்படிப் பாதி பெயிண்ட்லயே எடுத்துட்டு வந்துட்டீங்களே"ன்னாரு.

முத்தையா: (டீ புரையேறுகிறது) அப்புறம்?

சரவணன்: நாலு வருஷமா அதே பேச்சு. போன மாசம் ஒரு காதுகுத்துல அவரோட பங்காளி ஒருத்தரு, "மீதி பெயிண்ட் எப்ப தம்பி?"ங்கிறாரு. பூச்சு வேலை பாக்காத வீட்டைக் கேக்குற மாதிரி. அதுலயும் இப்ப கறுப்புகூட இல்லண்ணே, வெயில்ல வெளுத்து அடுப்புச் சாம்பல் மாதிரி ஆயிருச்சு.

(முத்தையா குத்தவைத்து உட்கார்ந்து இடது முன் வீல் ஆர்ச்சில் விரலை ஓட்டுகிறார். விரல் மினுமினுக்கிறது. முகர்ந்து பார்க்கிறார்.)

முத்தையா: தம்பி, இது தேங்காய் எண்ணெய் வாசமால்ல இருக்கு!

சரவணன்: அம்மாதான் சொன்னாங்க. தலைமுடிக்கே கறுப்பு குடுக்குது, பிளாஸ்டிக்குக்குக் குடுக்காதான்னு.

முத்தையா: குடுத்துச்சா?

சரவணன்: ரெண்டு நாள் கருகருன்னு இருந்துச்சுண்ணே. மூணாம் நாள் போடித் தூசி மொத்தமும் அதுமேலதான். தெருநாய் ஒண்ணு தினமும் வந்து பின் பம்பரை நக்கிட்டுப் போகுது.

முத்தையா: எப்பப்ப தேய்ப்ப?

சரவணன்: சனிக்கிழமை சனிக்கிழமை.

முத்தையா: எண்ணெய்க் குளியலு! சரி, அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாப்போம்.

சரவணன்: (குறுக்கே பாய்ந்து) அந்தப் பக்கமும் இதே மாதிரிதாண்ணே! அண்ணன் தம்பி மாதிரி, வித்தியாசமே கிடையாது. நீங்க ரேட்டைச் சொல்லுங்க.

முத்தையா: ரேட்டு கிடக்கட்டும். இங்க வா.

(மூலையில் கிடக்கும் ஏதோ ஒரு காரின் உடைந்த பம்பரைப் புரட்டுகிறார். உட்பக்கம் சின்ன எழுத்தில் அச்சு.)

முத்தையா: படி.

சரவணன்: பிபி பிளஸ் இபிடிஎம்... டி20. கிரிக்கெட்டாண்ணே?

முத்தையா: பிபின்னா பாலிபுரொப்பிலீன். இபிடிஎம் ஒரு ரப்பர். இடிச்சா நெளிஞ்சு குடுக்கணும்ல, அதுக்கு. டி20ன்னா டால்க் 20 சதவீதம். மூஞ்சிக்குப் பூசுற பவுடரு வருதே, அதே கல்லு.

சரவணன்: அப்ப நான் எண்ணெய் தேய்ச்சேன், அவன் முன்னாடியே பவுடர் போட்டு அனுப்பியிருக்கான்.

முத்தையா: பொட்டு ஒண்ணுதான் பாக்கி. கேளு, இந்த பாலிபுரொப்பிலீன் மேல எதுவும் லேசுல ஒட்டாது. மண்டபத்து பிளாஸ்டிக் சேர்ல பேர் எழுதுவாங்களே, பாத்திருக்கியா?

சரவணன்: நாலு முகூர்த்தம் தாங்காது. "மகால்" போயி "கால்" மட்டும் நிக்கும்.

முத்தையா: அதே சாதிதான் இது. மேல பெயிண்ட் நிக்கணும்னா எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமா போகக் கழுவணும், ஸ்காட்ச்பிரைட் போட்டுத் தேய்க்கணும், பெயிண்டைப் பிடிச்சு ஒட்டவைக்க அட்ஹீஷன் புரமோட்டர்னு ஒண்ணு அடிக்கணும். அப்புறம் இந்தச் சொரசொரப்பு அடங்குற வரைக்கும் பிரைமர், அதுக்கு எமரி, அதுக்கு மேல கலரு, கிளியர் கோட்டு. அதுலயும் வளைஞ்சு குடுக்கிற மருந்தைக் கலக்கணும், இல்லேன்னா வெடிச்சுரும். ஒண்ணை விட்டாலும் உரியும்.

சரவணன்: கலர் அப்படியே பாடியோட சேந்துருமா?

முத்தையா: கம்பெனிக்காரனுக்கே முழுசா சேராது. இரும்பு பாடியை மொத மருந்துல முக்கி எடுத்து, 160 டிகிரிக்கு மேல அடுப்புல சுடுறான். அந்தச் சூட்டுல இந்த பம்பரை வெச்சா அல்வாவா வழிஞ்சுரும். அதனால இதைத் தனியா, 80 டிகிரி கிட்ட வெச்சு எடுக்கிறான். ரோட்டுல போற கார்களை உத்துப் பாரு, பாடி ஒரு வெள்ளை, பம்பர் ஒரு வெள்ளையா இருக்கும். நான் பாக்க ஆரம்பிச்சதுல இருந்து என்னால நிம்மதியா ரோட்டுல நடக்க முடியலை.

சரவணன்: பரவாயில்லண்ணே, அடிங்க.

முத்தையா: வண்டி எங்க ஓடுது?

சரவணன்: வேற எங்க? மாமனாரோட ஏலத்தோட்டத்துக்குத்தான். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி ஏறி, அதுக்கப்புறம் எஸ்டேட் பாதையில நாலு கிலோமீட்டர்.

முத்தையா: பாதையோரம் என்ன?

சரவணன்: ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி.

முத்தையா: கீழ?

சரவணன்: கல்லு. கல்லுக்கு நடுவுல கொஞ்சம் பாதை.

முத்தையா: அந்தக் கல்லை டயர் அள்ளி வீசுற இடம் எது? இந்த ஆர்ச்சு. உண்ணிமுள்ளு கீறுற இடம்? இந்தப் பட்டை. இதுல கார்பனைக் கலந்து வாத்திருக்கான், உள்ளயும் வெளியயும் ஒரே கறுப்பு. கீறினாலும் கறுப்புக்குக் கீழ கறுப்புதான் தெரியும். நான் பளபளன்னு சிவப்பு அடிச்சுக் குடுத்தா, ஒரே வாரத்துல கோடு கோடா பிரைமர் வெள்ளை தெரியும். உன் மாமனார் அப்ப, "மாப்ள, விபூதி பூசிக் கூட்டிட்டு வந்துட்டீங்களே"ம்பாரு.

சரவணன்: சொல்லுவாருண்ணே. கண்டிப்பா சொல்லுவாரு.

முத்தையா: அவரு என்ன வண்டி வெச்சிருக்காரு?

சரவணன்: பழைய ஜீப்பு. மூக்குலருந்து வாலு வரைக்கும் ஒரே பச்சை.

முத்தையா: அது பூராம் தகரம். பெயிண்ட் அடிக்கலைன்னா துருப்பிடிச்சுரும், அதனால அடிச்சான். இது துருப்பிடிக்காது, அதனால விட்டான். நகரத்துக்குள்ளயே ஓட்டுறவனா இருந்தா நானே அடிச்சுக்கோம்பேன், பாக்க அம்சமா இருக்கும். உனக்கு முன் பம்பர் மேல்பாகம் மட்டும் வேணா அடிச்சுத் தாரேன். ஆர்ச்சு வேண்டாம். ஹீட் கன்ல லேசா வாட்டுனா கறுப்பு திரும்ப வரும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், பொய் சொல்ல மாட்டேன். கறுப்பு கலந்த டிரிம் பாலீஷ் ஒண்ணு இருக்கு, அது அதைவிட நாள் நிக்கும். எண்ணெயை மட்டும் நிறுத்து, நாய்க்குக் கொழுப்பு ஏறுது.

சரவணன்: இல்லண்ணே... அடிச்சே ஆகணும்.

முத்தையா: வேலை வேண்டாம்னு நான் சொல்றேன், அடின்னு நீ அழுகுற. முப்பது வருஷத்துல இப்படி ஒரு பார்ட்டியை நான் பாத்ததில்லை. வண்டியை ரிவர்ஸ் எடு.

சரவணன்: எதுக்குண்ணே? நல்ல நிழல்ல நிக்குது.

முத்தையா: எடு தம்பி.

(சரவணன் மறுபடி இடது கதவு வழியாக ஏறி, கியர் ராடைத் தாண்டி, வண்டியை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் எடுக்கிறார். வலது பக்கம் வெளிச்சத்துக்கு வருகிறது. இரண்டு வீல் ஆர்ச்சும், நடுவில் ஓடும் பட்டையும் செங்காவி நிறம். வழிந்த இடங்கள் திரி திரியாக உறைந்து நிற்கின்றன. பின் ஆர்ச்சில் பிரஷ் முடி மூன்று அப்படியே ஒட்டியிருக்கிறது. முத்தையா நெஞ்சில் கை வைத்து டயர் மேல் உட்காருகிறார்.)

முத்தையா: யாரு... யாரு செஞ்சது?

சரவணன்: மாமாதாண்ணே. முந்தாநாள் கறிக்குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு ஒரு மணிநேரம் கண்ணசந்தேன். எந்திரிச்சுப் பாக்குறேன், ஒரு பக்கம் முடிச்சுட்டாரு. கேட்டுக்கு அடிச்சது போக மீந்த ரெட் ஆக்சைடு. "சிவப்புதானே மாப்ள, யாருக்குத் தெரியப் போகுது"ங்கிறாரு. மறு பக்கத்துக்கு நகர்றதுக்குள்ள சாவியை எடுத்துட்டு ஓடிவந்தேன்.

முத்தையா: அடிக்கிறதுக்கு முன்னாடி கழுவுனாரா?

சரவணன்: அதெல்லாம் இல்ல. சனிக்கிழமை எண்ணெய் வெச்சேன், ஞாயித்துக்கிழமை அவரு அடிச்சாரு.

(முத்தையா மெல்ல எழுந்து போகிறார். ஆர்ச்சின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்புகிறார். காய்ச்சின பாலில் ஆடை எடுப்பதுபோல் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் மடிந்து கையோடு வருகிறது. அடியில் பிளாஸ்டிக், எண்ணெய் மினுமினுப்போடு, கருகருவென்று.)

சரவணன்: அண்ணே!

முத்தையா: உங்க அம்மா காலைத் தொட்டுக் கும்பிடு. அந்த எண்ணெய் மட்டும் இல்லேன்னா, இந்தச் சொரசொரப்புக்குள்ள இறங்கியிருக்கும், பல் குத்துற குச்சி வெச்சு நோண்டணும். நீ அந்த ஓரத்தைப் பிடி.

(இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கல்யாண வீட்டில் பூண்டு உரிப்பதுபோல உரிக்கிறார்கள்.)

சரவணன்: மாமா கேட்டா என்னண்ணே சொல்றது?

முத்தையா: மெட்டுல மழை, கரைஞ்சு போச்சுன்னு சொல்லு.

சரவணன்: அப்ப ரெண்டாவது கோட்டிங் போடணும்பாரு.

முத்தையா: டப்பாவுல இன்னும் மிச்சம் இருக்கா?

(சரவணன் பேசாமல் பின் கதவைத் திறக்கிறார். ஸ்டெப்னி ஜாக்கிக்குப் பக்கத்தில், துணியால் வாய் கட்டிய டப்பா. மேலே பிரஷ்.)

சரவணன்: டச்சப்புக்குன்னு குடுத்துவிட்டாரு.

முத்தையா: இங்க குடு. நம்ம பட்டறைக் கேட்டுக்கு ஆகும்.