ராமானுஜன் விட்டுவிட்ட எண்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-க்குப் போய்விடுகிறோம். மருத்துவமனையில் இருந்த அவரைப் பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, அவர் ஏறி வந்த டாக்சியின் எண். அப்புறம் ராமானுஜனின் குலதெய்வம் நாமகிரித் தாயார். எனக்கு அவரை நெருக்கமாகக் காட்டியது வேறோர் எண்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முன்னால் இருக்கிற எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்திவிடும் எண்களை உயர் பகு எண்கள் என்கிறோம். இவற்றைப் பற்றி ராமானுஜன் 1915-ல் எழுதிய நீண்ட கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இதற்காகத்தான். போர்க்காலப் பணமுடையில் அச்சேறாமல் நின்ற மிச்சப் பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 2-இல் தொடங்கி 6746328388800 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள். எல்லாம் கைக்கணக்கு. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதுதான் நான் மேலே சொன்ன எண்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் அதைப் பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று படிக்கட்டு போல இறங்குகின்றன, எங்குமே ஏறவில்லை. உயர் பகு எண் என்றால் இப்படித்தான் இறங்கியாக வேண்டும். 4, 36 இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கடைசி அடுக்கு 1-தான் என்பதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார்.

சரி, காரணிகள் எத்தனை? ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. அந்த 5040-ம் ஓர் உயர் பகு எண். அதற்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. வரிசையில் வருகிற அத்தனையும் உயர் பகு எண்கள்! பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கனவில் வந்தது, தெய்வம் சொன்னது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவே ஒன்று தவறிப்போயிருக்கிறதே, அந்த இடத்தில் எனக்கு உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் தெரிகிறார். அந்த உழைப்பையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. அவருடைய பட்டியலின் கடைசி எண்ணை, அந்த 6746328388800-ஐ, 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விடுபட்ட எண் அப்படியே வந்து நிற்கும்.