டெல்டாவில் டயாலிசிஸ்: மூன்றாவது முறை ஏன் தவறுகிறது?

அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் புதிய டயாலிசிஸ் இயந்திரங்கள் நிறுவப்பட்டன என்ற செய்தி வரும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஓர் ஆதங்கமும் எழுகிறது. திறப்பு விழாவில் எத்தனை இயந்திரங்கள் என்று சொல்கிறார்கள். ஒரு நோயாளி வாரத்துக்கு எத்தனை முறை அங்கே வந்து சேர முடிகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. காவிரிப் படுகை மாவட்டங்களில் இந்தச் சிகிச்சையின் தரத்தை இந்த இரண்டாவது கணக்கை வைத்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்ற வழக்கமான சிகிச்சையில் இயந்திரம் ஈடுகட்டுவது 12 மணி நேரம் மட்டுமே. அதிலும் ஒரு முறை தவறினால் 8 மணி நேரமாகிவிடும். இடைவெளி நீளும்போது உடலில் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது, இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு வெட்டி வரும் இளநீரும் சீப்பு வாழைப்பழமும் அந்தப் பொட்டாசியத்தைத்தான் கூட்டுகின்றன என்பதை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வருத்தத்தோடு விளக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது முறை தவறுவதற்கு நோயாளியின் அலட்சியம்தான் காரணம் என்று சிகிச்சைப் பிரிவுகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் என் பெரியப்பாவுடன் சென்று வருபவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். காப்பீட்டுத் திட்டத்தால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் போவது இலவசமில்லை. நான்கு மணி நேரம் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவரைத் தனியே பேருந்தில் ஏற்றி அனுப்ப முடியாது. ஆகவே துணைக்கு ஒருவர் வேண்டும், அவருடைய அன்றைய கூலி போய்விடும். நடவுக் காலத்தில் பெரியம்மா, "தம்பி, இந்த ஒரு தடவ விட்டுட்டுப் போகலாமா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குள் அலட்சியம் எதுவும் இல்லை. நகரப் பேருந்தில் பெரியம்மாவுக்குக் கட்டணமில்லை, நோயாளியான பெரியப்பா மட்டும் சீட்டு எடுக்கிறார் என்பது தனி வேடிக்கை. ரயிலில் டயாலிசிஸுக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஷிஃப்டு நேரத்துக்குத் தோதான ரயில் வேண்டுமே!

செலவே இல்லாத ஒரு சீர்திருத்தம் உண்டு. ஷிஃப்டு ஒதுக்கும்போது ஊரின் தொலைவைப் பார்க்கலாம். மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு நடுப்பகலும், கோடியக்கரைப் பக்கமிருந்து வருபவருக்கு விடியற்காலையும் ஒதுக்கப்படுவது வரிசை முறைப்படி சரியாக இருக்கலாம். சிகிச்சை முறைப்படி சரியில்லை. அடுத்த நிலையில், வட்ட மருத்துவமனைகளில் நான்கைந்து இயந்திரங்கள் கொண்ட சிறு பிரிவுகள் தேவை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைமடை வயல் நனைந்தால்தான் பாசனம் என்பது இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிறு பிரிவுகள் என்றவுடன் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லி என்ற வழக்கமான கணக்கில், ஒரு முறை சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்குச் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. ரத்தத்துக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. குழாய் நீரிலோ குளோரின். குளோரினைக் கரி வடிகட்டி முழுமையாக நீக்காவிட்டால் ரத்தச் சிவப்பணுக்களே உடையும். எனவே ஆர்.ஓ. கருவி வாங்கியதோடு வேலை முடிவதில்லை. குளோரின் சோதனையைத் தினமும், கிருமிச் சோதனையை மாதந்தோறும் செய்து, முடிவுகளைத் தேதியோடு பிரிவின் சுவரில் ஒட்ட வேண்டும். உணவகத்தில் விலைப்பட்டியல் ஒட்டுகிறோம், இதை ஒட்டுவதில் என்ன தயக்கம்?

ஃபிஸ்டுலா விஷயத்திலும் தாமதம் நம்மைப் படுத்துகிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களைச் சிறு அறுவை சிகிச்சையால் இணைக்கும் அந்த இணைப்பு பக்குவப்பட வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி வருவது தெரிந்தும் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டால் கழுத்தில் குழாய் போட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழாய் வழியே கிருமித் தொற்று வரும் வாய்ப்பு மிக அதிகம்.

வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் பற்றிப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. சுமார் இரண்டு லிட்டர் திரவப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டி வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்து, நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். மின்சாரம் வேண்டாம், பேருந்தும் வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடும் உண்டு. கை சுத்தமும் ஈரமில்லாத ஓர் அறை மூலையும் இல்லாவிட்டால் வயிற்றுக்குள் தொற்று வரும் என்பது உண்மையான அபாயம்தான். ஆயினும் கூரை வீடு என்றவுடன் இவர்களால் முடியாது என்று மருத்துவர்களே முடிவு செய்துவிடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்து, பயிற்சி கொடுத்த பிறகு அந்த முடிவை எடுக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, சாலைகளில் மரங்கள் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் பேறுகால நாள் நெருங்கிய பெண்களைப் பட்டியலிட்டு முன்னதாகவே மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் நம் சுகாதாரத் துறைக்கு உண்டு. அதே பட்டியலில் டயாலிசிஸ் நோயாளிகளின் பெயர், ஊர், அடுத்த முறைக்கான நாள் ஆகியவற்றையும் சேர்த்து, புயலுக்கு முந்தைய நாளே சிகிச்சையை முடித்து அனுப்ப வேண்டும். பட்டியலுக்கான விவரங்கள் எல்லாம் ஒவ்வொரு பிரிவின் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன. மாவட்ட நிர்வாகங்கள் ஐப்பசி பிறப்பதற்குள் அவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.