ரோலர் கோஸ்டருக்குப் பக்கத்தில் ஹால் ஆஃப் ஃபேம் வேண்டாம்

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ, தன் புகழ்பெற்ற வீரர்களைக் கௌரவிக்க வைத்திருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு இன்றுவரை சொந்தமாக ஒரு கட்டடம் கிடையாது. 1993 ஜனவரியில் ராட்சத உருவ வீரர் ஆந்த்ரே தி ஜயன்ட் இறந்த பிறகு அவரைக் கௌரவிக்கத்தான் அதை ஆரம்பித்தார்கள். 1996-க்குப் பிறகு நின்றுபோனது, 2004-இல் மீண்டும் உயிர் பெற்றது. அந்த நிறுவனத்தின் மிகப்பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியா வாரத்தில் விழா நடக்கும், மோதிரம் கொடுப்பார்கள், மேடையில் பெரிய பெரிய ஆட்கள் அழுவார்கள். மறுநாள் போய்ப் பார்க்க ஓர் இடம் இருக்காது.

"கட்டுவதென்றால் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், ஒரு தீம் பார்க்குக்குள்ளேயே கட்டிவிடலாமே" என்று ரசிகர்கள் பல வருடமாகப் பேசுகிறார்கள். காரணங்களும் இருக்கின்றன. 2013-இலிருந்து டபிள்யூடபிள்யூஇ-யின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. 2008-லும் 2017-லும் ரெஸில்மேனியா அந்த ஊரில் நடந்தது. அங்கே யூனிவர்சல் தீம் பார்க்கை நடத்தும் குழுமத்தின் சேனலில்தான் டபிள்யூடபிள்யூஇ-யின் வாராந்திர நிகழ்ச்சியான 'ரா' பல வருடம் ஓடியது. கூட்டம் தானாக வரும் ஊர். இவ்வளவு இருந்தும் நான் இந்த யோசனையை முழுமனதாக எதிர்க்கிறேன்.

கௌரவக் குறைச்சல் என்பதற்காக எதிர்க்கவில்லை. அப்படிச் சொல்பவர்களுக்கு இந்தக் கலையின் பூர்வீகம் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் வளர்ந்ததே ஊர் ஊராகப் போன கார்னிவல் கூடாரங்களில். "எங்கள் ஆளோடு இத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தால் பணம்" என்று கூவி, உள்ளூர்ப் பலசாலிகளை மேடையேற்றுவார்கள். மோதலின் முடிவு முன்பே தீர்மானித்தது என்ற ரகசியத்தைக் காப்பதற்கு வீரர்கள் இன்றும் சொல்லும் 'கேஃபேப்' என்ற சொல்லும், ஏமாறும் பார்வையாளனைக் குறிக்கும் 'மார்க்' என்ற சொல்லும் அந்தக் கூடாரங்களில் புழங்கியவை. ராட்டினமும் மல்யுத்தமும் ஒரே மைதானத்தில் பிழைத்தவை. அதனால் "இவ்வளவு பெரிய கலையைக் கேளிக்கைப் பூங்காவில் வைப்பதா" என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை.

என் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. நயாகராவில், கனடா பக்கத்து கிளிஃப்டன் ஹில் தெருவில், 2002-இல் டபிள்யூடபிள்யூஇ ஒரு கடை திறந்தது. கடையோடு ஒரு ரைடும் இருந்தது. உயரே தூக்கிக்கொண்டு போய்ச் சடாரென்று கீழே விடும் டவர். அதற்கு வைத்த பெயர் 'பைல்டிரைவர்'.

பைல்டிரைவர் என்றால் எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து, தலை தரையில் படும்படி உட்காரும் பிடி. 1997-இல் டபிள்யூடபிள்யூஇ-யின் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் அந்தப் பிடியின் ஒரு வகையைப் போட்டபோது, எதிராளி ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்தில் பலத்த அடிபட்டது. கொஞ்ச நேரம் அவரால் கைகால் அசைக்க முடியவில்லை. அப்புறம் கழுத்தில் அறுவை சிகிச்சை, 2003-இல் ஓய்வு. இன்று டபிள்யூடபிள்யூஇ-யில் அந்தப் பிடியைப் போட வீரர்களுக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. அதே ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டி அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டியிருந்தது. கொக்கி முன்னதாகவே விடுபட்டு, ரிங்கில் விழுந்து இறந்துபோனார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஹால் ஆஃப் ஃபேமில் ஓவனுக்கு ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே ஆட்களை உயரத்திலிருந்து கீழே விடும் ரைடு, அதில் குழந்தைகள் சந்தோஷமாகக் கத்தும் சத்தம். இதை எந்த நிர்வாகியும் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. நடக்கப்போவது என்னவென்றால், ரைடு இருக்கும், அறை இருக்காது. தீம் பார்க் என்பது காலையில் உள்ளே வந்த குடும்பம் இரவு வரை சிரித்தபடி இருக்க வேண்டிய இடம். அது அந்தத் தொழிலின் தர்மம், அதில் தப்பே இல்லை. ஆனால் மல்யுத்தத்தின் கதையிலிருந்து நாற்பது வயதுக்குள் போனவர்களையும், வலி மாத்திரைக்கு அடிமையானவர்களையும், நடக்க முடியாமல் முடங்கியவர்களையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது விளம்பரம்தான்.

ஓவன் இதுவரை ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அவர் மனைவி மார்த்தா சம்மதிக்கவில்லை. வழக்குப் போட்டுக் கிடைத்த பணத்தில் கணவர் பெயரில் அறக்கட்டளை நடத்துகிறார். அவருடைய மறுப்பை நான் மனதார மதிக்கிறேன். அவரிடம் என்றாவது போய்ச் சம்மதம் கேட்பதென்றால், காட்டுவதற்கு எப்படிப்பட்ட கட்டடம் இருக்க வேண்டும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும் அல்லவா?

வியாபாரக் கணக்கிலும் இது சரிவராது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமை 1978-இல் சின்சினாட்டி அருகே கிங்ஸ் ஐலண்ட் பார்க்கை ஒட்டித்தான் திறந்தார்கள். பார்க்குக்கு வரும் கூட்டம் அப்படியே இதற்கும் வரும் என்பது நம்பிக்கை. வரவில்லை. ரோலர் கோஸ்டருக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், பழைய ஹெல்மெட் பார்க்க அவர்களை இழுத்துக்கொண்டு போவாரா? 1992-இல் மூடினார்கள். பிறகு சவுத் பெண்டுக்குப் போய், கடைசியில் 2014-இல் அட்லாண்டா நகரத்துக்குள் குடியேறியது.

இன்னொன்று, தீம் பார்க்கில் எதுவும் நிரந்தரம் இல்லை. யூனிவர்சலில் கிங் காங் ரைடு இருந்த இடத்தில் மம்மி வந்தது. 2012-இல் 'ஜாஸ்' (Jaws) என்ற சுறாப் படத்தின் ரைடை மூடிவிட்டு ஹாரி பாட்டருக்கு இடம் கொடுத்தார்கள். கூட்டம் குறைந்தால் இடித்துவிட்டு அடுத்ததைக் கட்டுவார்கள். நயாகரா கடையும் 2011-இல் மூடப்பட்டது. பழம்பெரும் சாம்பியன் புரூனோ சமார்டினோவின் பூட்ஸை இப்படி ஒரு வரிசையில் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல வருடம் "வேண்டாம்" என்று விலகி நின்று, 2013-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில்தான் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதையை ஏற்றுக்கொண்டவர் அவர்.

ஆர்லாண்டோ பார்க்குகளில் மல்யுத்தம் நடந்த அனுபவமும் இருக்கிறது. 1993-இல் டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனம் டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோவில் மாதக்கணக்கான நிகழ்ச்சிகளை மொத்தமாகப் படம்பிடித்தது. ஒளிபரப்பில் இன்னும் ஜெயிக்காத சாம்பியன் பெல்ட்டோடு வீரர்கள் வந்து நின்றார்கள். பின்னாளில் டிஎன்ஏ (TNA) என்ற மல்யுத்த நிறுவனம் யூனிவர்சலுக்குள் பல வருடம் நிகழ்ச்சி நடத்தியது. அனுமதி இலவசம். அன்றைக்கு பார்க் சுற்ற வந்தவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடியதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யார் யார் என்றே தெரியாதவர் நிழலுக்காக உள்ளே வருவதும், தேடி வருவதும் ஒன்றாகுமா?

எனக்கு வேண்டியது நியூயார்க்கில் ஒரு கட்டடம். மேடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். தனி வாசல், தனி டிக்கெட். தீம் பார்க்கில் ஒரு நாள் சுற்ற நூறு டாலருக்கு மேல் ஆகிறது. பழைய ரசிகர் ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் ஆந்த்ரேயின் உடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது அநியாயம். கனெக்டிகட்டில் டபிள்யூடபிள்யூஇ கிடங்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கும் பொருட்களை அங்கே கொண்டுவந்து வைக்கலாம். ரைடுகள் வேண்டுமா? ஆர்லாண்டோவில் தாராளமாகக் கட்டட்டும், முதல் ஆளாக நானும் வரிசையில் நிற்பேன்.

அந்த நியூயார்க் கட்டடத்தில் நம் நாட்டு மல்யுத்த வீரர் தாரா சிங்குக்கும் ஒரு சுவர் வேண்டும். 1968-இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸோடு மோதிய மனிதரை 2018-இல் 'லெகசி' பிரிவில் சேர்த்தார்கள். அந்தப் பிரிவுக்கு மேடைப் பேச்சு கிடையாது. வரிசையாகப் பெயர்கள் வரும் ஒரு வீடியோவில் அவரும் சில நொடிகள் வந்து போனார். மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு சீட்டுகளில் எடையும் உயரமும் பார்த்து வளர்ந்த நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு அவர் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியும்? 'கிங் காங்' என்ற பெயரில் ஆடிய மல்யுத்த வீரரோடு அவர் மோதிய கதையை ஒருவர் நின்று நிதானமாகப் படிக்க அங்கே அரை மணி நேரமும் ஒரு பெஞ்சும் கிடைக்க வேண்டும். இதைத்தான் டபிள்யூடபிள்யூஇ-யிடம் கேட்கிறேன்.