ஐஸ்கட்டிக்கும் விளக்கம் கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஐஸ்கட்டிப் பதிவையும் அதன் கீழே நடந்தவற்றையும் உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். சிறுநீரகம் நின்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் நான், ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சிரிக்கும் படம் அது. மறுபடி முழுக்கதை சொல்லப் போவதில்லை. பதில் எழுத வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாள் அடக்கிக்கொண்டு இருந்தேன். இரண்டு இரவும் தூங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"பார்த்தால் டயாலிசிஸ் நோயாளி மாதிரியே தெரியவில்லையே அக்கா, ஜாலியாகத்தான் இருக்கிறீர்கள்." இதுதான் அந்தக் கருத்து. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. அதை என்னால் தாண்டிப் போயிருக்க முடியும். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் நால்வர் எனக்குத் தெரிந்தவர்கள். இருவர் என் வீட்டுக்கு வந்து போனவர்கள். அங்கேதான் வலித்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நோய் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நாளில், சில சமயம் ஒரே நிமிடத்தில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்று பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்த ஐஸ்கட்டி எதற்கு என்று கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். என் சிறுநீரகங்கள் நின்று ஆறு வருடங்கள் ஆகின்றன. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. எனக்கு அந்த வேலையை ஒரு மெஷின் வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம் செய்கிறது. ஆக 12 மணி நேரம். மீதி 156 மணி நேரம் நான் குடிப்பதெல்லாம் உடம்பிலேயேதான் தங்கும். அளவு மீறினால் கால் வீங்கும், பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு முட்டும். மறுநாள் மெஷின் அந்த நீரை அவசரமாக இழுக்கும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும், கண் இருட்டும். அதனால் எனக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீரும் அதற்குள்தான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்வேன். மாலையில் அந்தப் பாட்டிலைத் தூக்கும்போதே எவ்வளவு மிச்சம் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

டயாலிசிஸ் நாட்களுக்கு நடுவில் வாரத்தில் ஒருமுறை மட்டும் இரண்டு நாள் இடைவெளி வரும். எங்களுக்கு அதுதான் மிகக் கடினமான நேரம். ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட இரண்டாம் நாள். வாய் அட்டைபோல் காய்ந்திருந்தது. பாட்டிலில் 60 மில்லிதான் மிச்சம், படுக்கப் போக இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அப்போதுதான் அந்த ஐஸ்கட்டியை எடுத்தேன். என் தட்டில் ஒரு கட்டிக்கு 15 மில்லி தண்ணீர். அதையே தண்ணீராகக் குடித்தால் ஒரே விழுங்கு, தொண்டை நனைவதற்குள் முடிந்துவிடும். ஐஸாக இருந்தால் பல நிமிடம் நிற்கும். முதலில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வலிக்கும். பிறகு ஓரங்கள் கரைந்து வழுவழுப்பாகும். அதைக் கன்னத்துக்குத் தள்ளி வைத்தால் பல்லில் மோதி ஒரு சின்னச் சத்தம் வரும். கடைசியில் கண்ணாடித் துண்டுபோல் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். அந்த நிமிடங்களில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தேன். என் மகள் அதைப் படம் எடுத்தாள். அந்தப் படம்தான் அது.

அந்தப் படத்தில் என் இடது கை தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிற்று முடிச்சுகள்போல் புடைத்திருக்கும் கை. ஒரு தடவைக்கு இரண்டு ஊசி, வாரத்துக்கு ஆறு. ஆறு வருடக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், 1,800க்கு மேல் வரும். அந்தக் கையைச் சேர்த்துப் படம் எடுத்திருந்தால் நம்பியிருப்பீர்களா? நம்ப வைப்பதற்காக நான் கையைக் காட்ட வேண்டுமா? மருத்துவ அறிக்கையையும் சேர்த்துப் போட வேண்டுமா? ஆறு வருடமாக இந்த உடம்போடு வாழ்ந்துகொண்டிருக்கும் நான், ஒரு சிரிப்புக்கு எத்தனை சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

கையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்துக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். தமனியின் வேகத்தில் ரத்தம் சிரைக்குள் பாய்வதால், அந்த இடத்தில் விரல் வைத்தால் எப்போதும் ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றால் ஆபத்து. ஆகவே காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பது. என் அண்ணன் பேத்திக்கு ஆறு வயது. போன மாதம் வந்திருந்தபோது என் மடியில் படுத்தவள் தற்செயலாக அந்தக் கையில் காதை வைத்துவிட்டாள். அப்படியே அசையாமல் கிடந்தாள். பிறகு ரகசியம் கேட்பதுபோல், "அத்தைப் பாட்டி, உள்ளே தேனீ இருக்கிறதா?" என்றாள். இருக்கிறது என்றேன். "கொட்டாதா?" என்றாள். பழகிவிட்டது, கொட்டாது என்றேன். அன்றிலிருந்து அலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் தேனீ நலமா என்று கேட்டுவிட்டுத்தான் என் நலம் கேட்கிறாள். ஆறு வருடமாக நான் பயத்தோடு தொட்டுப் பார்த்த இடத்தை இப்போது அவள் நினைப்போடு தொட்டுப் பார்க்கிறேன். இந்தச் சந்தோஷம் போலியா? இதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை இருக்கிறதா?

"பொதுவெளியில் போட்டால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசத்தான் செய்வார்கள்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் அறிவுரை சொன்னார். பேசட்டும். நானும் அதே பொதுவெளியில்தான் பேசுகிறேன். இதற்கு மேல் அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு கேள்வி நியாயமானது. ஒரு தங்கை எழுதியிருந்தாள். அவள் அம்மாவும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். "என் அம்மா சிரித்து ஒரு வருடம் ஆகிறது. உங்கள் பதிவைப் பார்த்தால், அம்மா முயற்சி செய்யவில்லையோ என்று தோன்றிவிடுகிறது அக்கா." இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கையே, உன் அம்மாமீது எந்தக் குற்றமும் இல்லை. இந்த நோயில் மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வரும். அதற்கும் மருத்துவம் உண்டு, தயங்காமல் மருத்துவரிடம் சொல். எனக்கும் முதல் வருடத்தில் எதுவுமே இனிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது யாராவது ஐஸ்கட்டியைப் பற்றிப் பேசியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். என் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய் உன் அம்மாவிடம் காட்டாதே. இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏனென்றால் அப்படிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைச் சந்தேகப்பட்டவர்களைவிட என்னைப் பாராட்டியவர்கள்மீது எனக்குக் கோபம் குறைவு என்று நினைத்தால் அது தவறு. "இவரைப் பாருங்கள், நமக்கெல்லாம் என்ன குறை" என்று என் படத்தை எடுத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். "மன தைரியம்தான் மருந்து" என்று ஒருவர். "சிரித்தால் நோய் ஓடிவிடும்" என்று இன்னொருவர். ஓடாது ஐயா. என் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் ஒருவர் இருந்தார். எங்கள் காலை ஷிஃப்டில் அவரளவுக்குச் சிரித்தவர் எவருமில்லை. ஊசி ஏறியதும் குறுக்கெழுத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அறைக்கே கேள்வி கேட்பார். ஐந்தெழுத்து, இரண்டாம் எழுத்து 'ம்', சொல்லுங்கள் பார்ப்போம். ஒருநாள் ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டுவிட்டார். தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, உப்புக் கரைசல் ஏற்றி, நர்ஸ்கள் ஓடியோடிப் பார்த்தார்கள். கண் திறந்ததும் என் பக்கம் திரும்பி, "அந்தச் சொல் கிடைத்ததா அம்மா?" என்று கேட்டார். அழுகையும் சிரிப்புமாக, இல்லை ஐயா என்றேன். போன வருடம் அவர் இறந்துவிட்டார். சிரித்தவர்தான், தைரியசாலிதான், இறந்துவிட்டார். சிரிப்பு மருந்தென்றால் அவர் போதுமான அளவு சிரிக்கவில்லை என்று சொல்வீர்களா? அவர் வாழ்வதற்காகக் குறுக்கெழுத்துப் போடவில்லை. அது பிடித்திருந்தது, போட்டார். நான்கு மணி நேரம் அவருடையதாக இருந்தது. அவ்வளவுதான்.

நோயாளி எப்படி இருக்க வேண்டும் என்று நோயில்லாதவர்கள் முடிவு செய்வது புதிய வழக்கம் இல்லை. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கென்று ஒரு டயாலிசிஸ் மையம் தொடங்கினார்கள். மெஷின்கள் குறைவு, காத்திருந்த உயிர்கள் அதிகம். யாருக்கு இடம் தருவது என்று தீர்மானிக்க 7 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். வயது, குடும்பம், பிள்ளைகள், வருமானம், தொழில், தேவாலயத்தோடு தொடர்பு உண்டா என்பது வரை எடைபோட்டார்கள். வாழத் தகுதியான நோயாளி யார் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். 1972இல் சட்டம் வந்து அரசே செலவை ஏற்ற பிறகுதான் அங்கே அப்படிப்பட்ட தேர்வுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அந்தக் குழுவாவது மெஷின் போதாத நெருக்கடியில் இருந்தது. என் பதிவின் கீழே கூடியவர்களுக்கு என்ன நெருக்கடி?

2005இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்லத் தோன்றுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 49 பேர், நோயில்லாத 49 பேர். எல்லோர் கையிலும் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் அவ்வப்போது ஒலி எழுப்பி, இந்த நிமிடம் மனம் எப்படி இருக்கிறது என்று பதியச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நோயில்லாதவர்களிடம் நோயாளிகளின் மனநிலையைக் கணிக்கச் சொன்னபோது, உண்மையில் இருந்ததைவிட மிக மோசமாகக் கணித்தார்கள். சின்ன ஆய்வுதான். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை, மேலே அந்தத் தங்கைக்கு எழுதியதை மறக்கவும் இல்லை. ஆனால், "இப்படி இருந்தால் எப்படிச் சிரிக்க முடியும்" என்று கேட்கிறவர்களின் கணிப்பு தவறக்கூடும் என்பதற்கு எனக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று தயங்கினேன். "நீங்கள் சிரித்துப் படம் போடுகிறீர்கள், உங்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் படும் பாட்டை என்றாவது நினைத்தீர்களா?" என்று கேட்டவர் வேற்றாள் இல்லை. சொந்தத்தில் ஒருவர். அதை நேரில் கேட்டிருக்கலாம். ஊர் பார்க்க எழுதினார்.

நினைக்கிறேன். வேறென்ன நினைக்கிறேன்? அதிகாலை நான்கரைக்கு என்னை எழுப்பி, கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, வேலைக்கும் போகிறவள் என் மகள். டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் எனக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது. திரையை இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்துவாள். என் முகம் சுருங்கினால் அவள் சாப்பிடமாட்டாள். அன்று நான் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபோது, படம் எடுத்தபடியே அவளும் சிரித்தாள். கைப்பேசி ஆடியதில் படம் கொஞ்சம் கலங்கியிருக்கும், பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். அந்தக் கலங்கல் அவள் சிரிப்பு. நான் அழுதுகொண்டே இருந்தால் அவள் பாடு குறையும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? நம்பினால் ஒருநாள் வந்து எங்களோடு இருங்கள். திட்டவில்லை, உண்மையாகவே அழைக்கிறேன். ஆறு வருடத்தில் எத்தனை முறை வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்டாள், நேற்று இரவு. என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கருத்தை நீக்கச் சொல்லிச் சிலர் எழுதினார்கள். நீக்கப் போவதில்லை. படத்தையும் எடுக்கப் போவதில்லை. அவள் கைபட்டு ஆடிய படம் அது.

நாளை காலை ஷிஃப்ட். இன்றைய பாட்டிலில் இன்னும் 90 மில்லி இருக்கிறது. ஐஸ் தட்டில் ஆறு குழிகளை மட்டும் நிரப்பி உள்ளே வைத்துவிட்டேன். படுக்கப் போகும்முன் ஒன்று எடுத்துக்கொள்வேன்.